குட்டியானையின் மதநீர்: யானைக்கவுனியை முன்வைத்து ஓர் ஆய்வு

பின் ஆக்ஸிலில் ஆயில் சீல் மாற்றுமுன் டிஃப்ரன்ஷியலில் கிடக்கும் ஆயிலை வடித்துவிட வேண்டுமா, வடிக்காமலே கழற்றலாமா? தமிழ் ஆய்வுலகம் இந்த வினாவை இதுவரை தொட்டதில்லை. டீக்கடை பெஞ்சு தொட்டிருக்கிறது. ஒர்க்‌ஷாப் வாசலில் ஸ்பேனரை ஓங்கும் அளவுக்கும் போயிருக்கிறது. ஆனால் ஆய்வெல்லை, கருதுகோள் என்று முறையாக உட்கார்ந்து எழுதியவர் யாருமில்லை. சங்க இலக்கியத்து யானைகளைப் பற்றிப் பல்கலைக்கழக அலமாரிகளில் ஏடுகள் தூங்குகின்றன. குட்டியானை பற்றி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

குட்டியானை எனப்படுவது யாதோ எனின், டாட்டா நிறுவனம் 2005-இல் இறக்கிய ஏஸ் என்னும் சிறு சரக்கு வண்டி. வடக்கே சோட்டா ஹாத்தி என்றார்கள், நாம் குட்டியானை என்றோம். 702 சிசி, இரண்டே சிலிண்டர். முதலில் வந்த வண்டிக்குச் சுமை 750 கிலோ என்று காகிதம் சொன்னது. சௌகார்பேட்டையின் எவர்சில்வர் மூட்டைகள் அந்தக் காகிதத்தைப் படித்ததில்லை.

இந்த ஆய்வுக்கு வட சென்னை யானைக்கவுனியைவிடப் பொருத்தமான களம் உலகில் இல்லை என்பது என் முதல் கருதுகோள். கவுனி என்றால் கோட்டை வாசல். கறுப்பர் நகரத்தைச் சுற்றிப் 18ஆம் நூற்றாண்டில் கும்பினியார் மதில் எழுப்பி, அந்தச் செலவுக்கு ஊர்க்காரர்களிடம் வரி வாங்கத் திட்டம் போட்டார்கள். வரி வசூலாகவில்லை. வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் வசூலானது. வாசலில் யானை எப்படி வந்தது? யானைகள் நுழைந்த வழி என்பர் ஒரு சாரார், யானை கட்டியிருந்த இடம் என்பர் மற்றொரு சாரார். இருவரையும் மறுக்க என்னிடம் சான்றில்லை. இன்று அவ்வழியே நாள்தோறும் நுழையும் யானைகளுக்கு நம்பர் பிளேட் உண்டு என்பதை மட்டும் நேரில் கண்டேன்.

சொல்லாராய்ச்சி விருப்பம் உள்ளவர்கள் இந்த இடத்தில் செட்டிநாட்டுக் கவுனி அரிசியை இழுப்பார்கள். கவுனி அரிசி கறுப்பு, பழைய கியர் ஆயிலும் கறுப்பு. கவுனி அரிசியை ஊறவைத்துக் குழைய வேகவைப்பார்களே தவிர, சோறு போல வடிப்பதில்லை. ஆகவே யானைக்கவுனியில் ஆயிலையும் வடித்தலாகாது. இத்தகைய நிறுவுதலுக்கு முனைவர் பட்டம் கிடைத்த நாடு இது. எனக்கும் ஆசை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஆய்வெல்லையையும் இப்போதே வகுத்துவிடலாம். திருவொற்றியூரில் 1955 முதல் நிலைகொண்ட என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளுக்குப் பின்சக்கரம் ஒன்றே ஒன்று, சங்கிலி போதும். டிஃப்ரன்ஷியல் இல்லாத ஊர்தி என்பதால் அது எவ்வளவு சத்தம் போட்டாலும் இவ்வாய்வில் இடம் பெறாது. எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று பிறந்து, அடுத்த ஆண்டே ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி அனுப்பி, 1955-இல் அசோக் லேலண்டான ஆலையின் லாரிகளையும் விலக்குகிறேன். கனரக லாரியில் சக்கரத்தைக் கழற்றாமலே ஆக்ஸிலை மட்டும் தனியாக உருவிவிட முடியும். சீல் உட்காரும் இடமும் வேறு. அது தனிப் பட்டத்துக்குரிய பொருள். பேசின் பிரிட்ஜில் உருளும் ரயிலுக்கும் டிஃப்ரன்ஷியல் கிடையாது. அதன் சக்கர முகம் கூம்பாகச் சரிந்திருப்பதால், வளைவில் வெளிச்சக்கரம் தடித்த பகுதியிலும் உள்சக்கரம் மெலிந்த பகுதியிலும் ஓடிக் கணக்கை நேர்செய்துகொள்கிறது.

என்ன கணக்கு? வால்டாக்ஸ் சாலையிலிருந்து யானைக்கவுனித் தெருவுக்குள் ஒரு வண்டி நேர்கோணத்தில் திரும்புகிறது. இரு பின்சக்கரங்களுக்கும் இடைவெளி 1.3 மீட்டர் என்று கொள்க. வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைக் காட்டிலும் சுமார் 2 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். திருப்பத்தை ஒடித்துத் திருப்பினாலும் அகலமாக எடுத்தாலும் அந்த 2 மீட்டர் மாறாது என்பதை வடிவியல் தெரிந்தவர்கள் சரிபார்க்கலாம். மாட்டு வண்டியில் இது சிக்கலே இல்லை. மாடு இழுக்கிறது, சக்கரங்கள் அவரவர் பாட்டுக்குச் சுற்றுகின்றன. இன்ஜின் வந்து இரண்டையும் ஒரே ஷாஃப்டால் தள்ளத் தொடங்கியபோதுதான், அண்ணனுக்குக் கூட, தம்பிக்குக் குறைய என்று பங்கு பிரிக்க ஓர் ஆள் தேவைப்பட்டார். அந்த ஆள்தான் டிஃப்ரன்ஷியல். 1820களின் இறுதியில் பிரான்சில் ஒனசிஃபோர் பெக்கர் தம் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை வாங்கினார். பாகப்பிரிவினைக்கு வக்கீல் வைக்காத ஒரே குடும்பம் இந்தப் பல்சக்கரக் குடும்பம்தான்.

இந்தக் குடும்பம் முழுகிக் கிடப்பது 90 நம்பர் ஆயிலில். கிரவுன் சக்கரமும் பினியனும் இங்கே சும்மா உருள்வதில்லை, ஒன்றன்மேல் ஒன்று தேய்த்துக்கொண்டே உருள்கின்றன. அந்தத் தேய்ப்பு தாங்குவதற்காக ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்து கலப்பார்கள். கியர் ஆயில் பட்ட சட்டையை மூன்று முறை துவைத்தாலும் மனைவி கண்டுபிடிப்பதற்குக் காரணம் அந்தக் கந்தகம்.

இனி மதநீருக்கு வருவோம். ஆண் யானைக்குக் கண்ணுக்கும் காதுக்கும் இடையே உள்ள சுரப்பியிலிருந்து வழிவது மதநீர். பழந்தமிழில் கடாம். கன்னமதம், கைம்மதம், கோசமதம் என அதை மும்மதம் ஆக்குவது மரபு. குட்டியானைக்கும் ஒழுகும் வாய்கள் மிகச் சரியாக மூன்று: இடச் சக்கரத்துச் சீல், வலச் சக்கரத்துச் சீல், முன்னாலிருந்து ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் இடத்தில் பினியன் சீல். இந்த ஒப்புமையை முன்னோர் எப்படிக் கவனிக்காமல் விட்டார்கள் என்பது வியப்பு. ஒரே ஓர் இடறல் உண்டு. குட்டிக்கு மதம் வராது என்கிறது விலங்கியல். யானைக்கவுனியில் வருகிறது. விலங்கியலார் வந்து பார்க்கட்டும்.

ஒழுகினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: சக்கரத்துச் சீல் தாண்டிய ஆயில் நேரே பிரேக் டிரம்முக்குள் இறங்கி ஷூவை நனைக்கிறது. நனைந்த பக்கம் பிடிக்காது, நனையாத பக்கம் பிடிக்கும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். மதம் கொண்ட யானை பாகன் சொல்லைக் கேட்காது. மதநீர் ஷூவில் இறங்கிய குட்டியானை பாகன் காலையும் கேட்காது.

ஆனால் சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாக இருப்பதெல்லாம் மதநீர் ஆகாது. பிரேக்கின் வீல் சிலிண்டர் கசிந்தாலும் அதே இடம்தான் நனையும். பிரித்தறிய ஒரு டம்ளர் தண்ணீர் போதும். ஒரு துளியை விட்டால் வழக்கமான பிரேக் ஆயில் தண்ணீரோடு கரைந்துவிடும், கியர் ஆயில் மேலே மிதந்து முறைக்கும். மூக்கு நன்றாக இருப்பவர்களுக்கு டம்ளரும் வேண்டாம்.

சீல் என்பது பார்ப்பதற்குக் கால் கொலுசுபோல ஓர் இரும்பு வளையம், உள்ளே ரப்பர் உதடு, உதட்டைச் சுற்றிச் சன்னமான சுருள் கம்பி. உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் பெரும்பாலும் அதன் முகத்திலேயே அச்சாகியிருக்கும். அந்த உதடு ஷாஃப்டை இறுக்கமாக முத்தமிட்டபடி இருக்கும்வரை ஒழுகாது. பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் ஆடத் தொடங்கினால் முத்தம் பிசகும். அளவுக்கு மேல் ஏற்றுகிறவர்களுக்கு முதலில் போவது பேரிங், அடுத்து சீல், பிறகு பிரேக், கடைசியில் எதிரே வந்தவர். ஆகவே ஆடும் பேரிங்கை விட்டுவிட்டுச் சீலை மட்டும் மாற்றுவது, பல் விழுந்தவருக்கு லிப்ஸ்டிக் வாங்கித் தருவது.

யானை என்றாலே நம்மில் இரண்டு கட்சி. காஞ்சிபுரத்துக் கோயில் யானைக்கு எந்தக் கலை நாமம் என்று வழக்காடிய கதை ஊரறிந்தது. குட்டியானை விஷயத்திலும் அறிஞர் இரு கலையாகப் பிரிந்து நிற்கின்றனர். வடிகலையார், சாய்கலையார்.

ஆயிலை முழுக்க வடித்து, பாத்திரத்தில் பிடித்து, பிறகே ஆக்ஸிலை உருவுக என்பது வடிகலை. என்னை? வடிக்காமல் உருவினால் டிரம், ஷூ, தரை, வேட்டி நான்கும் நனையும் ஆகலின் என்பர்.

சாய்கலையார் அற்றன்று என்று தொடங்குவர். சமதரையில் நிற்கும் வண்டியில் ஆயிலின் மட்டம் நிரப்பு மூடித் துளையின் விளிம்போடு நின்றுவிடுகிறது. இருபுறக் குழாய்களுக்குள் எட்டுவது கொஞ்சம்தான். எந்தப் பக்கத்துச் சீல் மாற்ற வேண்டுமோ அந்தப் பக்கத்தை ஜாக்கியால் தூக்கினால் அந்தக் கொஞ்சமும் மறுபக்கம் ஓடிவிடும். வடிப்பானேன், காசைக் கரியாக்குவானேன்?

இதில் நடுநிலையாளனாகிய நான் சாய்கலையாரின் இயற்பியலில் பிழை காணவில்லை. வண்டி சாய்ந்தால் ஆயில் சாயும். ஆனால் இடப்பக்கத்தைக் காக்க வலப்பக்கச் சீலை முழுக்க ஆயிலில் முக்கி வைக்கிறார்கள். வலது சீலும் கிழடாக இருந்தால், ஒரு கண்ணின் நீரைத் துடைக்கப் போய் மறு கண்ணைக் கலங்கவைத்த கதைதான். மேலும் இந்தத் தத்துவம் பின்சக்கரத்தால் ஓடும் வண்டிகளுக்கே செல்லும். 1983-இல் மாருதி 800 வந்து, முன்சக்கரத்தை இழுக்கவிட்டு, டிஃப்ரன்ஷியலையும் கியர்பாக்ஸையும் ஒரே பெட்டிக்குள் குடிவைத்தது. அங்கே ஷாஃப்டை உருவினால் சீல் இருக்கும் துளை ஆயில் மட்டத்துக்குக் கீழே. குழாயடியில் குடம் இல்லாமல் குழாயைத் திறந்தது போலக் கொட்டும். அம்பாசிடர் 2014 வரை உற்பத்தியில் இருந்ததால் சாய்கலைக்கு ஆயுள் கெட்டியாக இருந்தது. கார்களைப் பொறுத்தமட்டில் இனி வடிகலைக்கே காலம்.

மூன்றாவதாக ஒரு சாரார் உளர். வடிக்கவும் மாட்டார், சாய்க்கவும் மாட்டார். கீழே ஒரு கோணியை விரித்து, மேலே மரத்தூளைத் தூவி, ஆக்ஸிலைப் பிடுங்குவர். இவர்களுக்குக் கலை இல்லை.

சமையலறையில் இந்தச் சண்டையே கிடையாது என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். சோற்றுப் பானையின் வாயில் தட்டைப் போட்டு, துணியால் பிடித்து, சாய்த்து வடிக்கிறார்கள். இரண்டு கலையும் ஒரே அசைவில் முடிந்துவிடுகிறது. ஒர்க்‌ஷாப்புக்கு வராமல் வீட்டிலேயே இருந்திருந்தால் எனக்கு இந்த ஆய்வு மிச்சமாகியிருக்கும்.

ஏட்டறிவு போதாதென்று களப்பணிக்குப் போனேன். மழை விட்ட ஒரு மதியம், வால்டாக்ஸ் சாலையை ஒட்டிய ஒரு சந்து. இடப் பின்சக்கரம் கழற்றிய குட்டியானை ஒன்று நின்றது. இளையவர் ஒருவர் ஜாக்கியோடு குந்தியிருந்தார். மூத்தவர் ஸ்டூலில். ஓட்டுநர் இருவருக்கும் நடுவே, வாடகை போச்சே என்ற முகத்தோடு.

“இந்தாண்ட தூக்கினா ஆயிலு அந்தாண்ட பூடும். சொம்மா வடிச்சிக்கினு இன்னாத்துக்கு டைம் வேஸ்ட்டு?” என்றார் இளையவர்.

“வடிடான்னா வடி. உள்ள இன்னா கீதுன்னு நீ பாத்தியா?”

ஓட்டுநர் பொருளாதாரப் பார்வையை முன்வைத்தார். “நைனா, புது ஆயிலுக்குத் துட்டு யாரு குடுப்பா? போன வருஷமே இதே சைடு சீல மாத்தினேன். அப்பால மறுபடியும் ஒயுவுது.”

மூத்தவர் எழுந்தார். இளையவர் அடியிலுள்ள டிரெயின் பிளக்கில் ஸ்பேனரை வைத்ததும் ஒரு சத்தம் போட்டார். “மேல் மூடிய மொதல்ல தொறடா!” என் ஆய்வில் கிடைத்த முதல் பொன்விதி இதுதான். நிரப்பும் மூடி துருவேறி, முனை மழுங்கிச் சிக்கிக்கொண்டிருக்கக்கூடும். அது தெரியாமல் கீழே வடித்துவிட்டால், வயிறு காலியான வண்டி நடுச்சந்தில் நிற்கும், ஊட்ட வாய் இருக்காது. திறக்கும் என்று தெரிந்த பிறகே கீழே கை வைக்க வேண்டும். முனைவர் பட்டம் வாங்கியவர்கள் பலருக்கு இந்த வரிசை தெரியாது.

மூடி திறந்தது. பிளக் கழன்றது. பழைய பெயிண்ட் டப்பாவில் ஆயில் இறங்கியது. கறுப்பாக அல்ல. பால் அதிகம் விட்ட டீ போல.

“மாஸ்டர், டீ போட்டு வெச்சிக்கிறாரு” என்றார் மூத்தவர். இளையவர் பேசவில்லை. ஓட்டுநர் தலையைச் சொறிந்துகொண்டு, முந்தின மழையில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் அச்சளவுத் தண்ணீரில் இறங்கி வந்ததை ஒப்புக்கொண்டார். சுமையோடு ஓடிவந்த வண்டியின் ஆக்ஸில் சூடாக இருக்கும். சூட்டோடு தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சும். வெளியில் இருப்பது கணேசபுரத்துத் தண்ணீர்.

அப்படி உறிஞ்சாமல் காற்றை மட்டும் விடவும் வாங்கவும் ஆக்ஸில் ஹவுசிங்கின் மேலே ஒரு சின்ன மூச்சுத்துளை உண்டு. பிரீதர் என்பார்கள், சுண்டுவிரல் அளவு. மூத்தவர் அதைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார். ஊத முடியவில்லை. சேறும் கிரீஸும் கல்லாக அடைத்திருந்தது. “மூக்கு அடச்சிக்கினு கீது. அப்ப காதாலதான் வுடும்” என்றார். வழி அடைத்த ஹவுசிங் சூடாகும்போது உள்காற்று விரிந்து, போக இடமில்லாமல், இருப்பதில் இளகிய வாயான சீல் உதட்டைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு வெளியே வருகிறது. குளிரும்போது அதே உதடு வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கிறது. போன வருடம் மாற்றிய சீலில் குற்றமில்லை. யானைக்குத் தும்பிக்கை அடைத்திருந்தது, நாம் கன்னத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தோம்.

இவ்விடத்தில் என் கருதுகோள்கள் அனைத்தும் கவிழ்ந்தன என்பதை ஆய்வு நேர்மையோடு ஒப்புக்கொள்கிறேன். வடிகலையாரும் சாய்கலையாரும் இத்தனை காலம் சிந்துமா சிந்தாதா என்பதைப் பற்றியே சண்டை போட்டார்கள். மூத்தவர் வடிக்கச் சொன்னது சிந்தாமல் இருக்க அல்ல, பார்ப்பதற்கு. பால்நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. டப்பாவின் அடியில் வெள்ளிப் பொடி மினுங்கினால் பேரிங்கோ பல்லோ தேய்கிறது. கைக்கு அகப்படும் இரும்புத் துணுக்கு வந்தால் சீல் வாங்க வைத்திருந்த காசோடு இன்னும் பெரிய காசைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சாய்த்து வேலை முடிப்பவர் இந்தச் செய்தி எதையும் படிக்காமலே மூடிவிடுகிறார். ஆகவே என் தீர்ப்பு: ஆயில் மாற்றிச் சில வாரமே ஆன, வெள்ளத்தில் இறங்காத வண்டிக்குச் சாய்த்தல் அமையும். வட சென்னையில் ஒரு ஐப்பசி கார்த்திகையைக் கடந்த எந்த வண்டிக்கும் வடித்தலே முறை. பிரீதரை ஊதிப் பார்ப்பது இரு கலைக்கும் பொதுக் கடமை.

ஓட்டுநர் நான்காம் நிலைப்பாடு ஒன்றை எடுத்தார். வடித்த டீயையே வடிகட்டி ஊற்றலாமா என்றார். மூத்தவர் பார்த்த பார்வையில் அந்தக் கொள்கை அங்கேயே மறைந்தது.

வடித்ததை என்ன செய்வது என்பது எஞ்சி நிற்கும் வினா. வட சென்னைக்கு எண்ணெய் வடித்தலில் நீண்ட வரலாறு உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நின்று சுட்டதில் பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. நமக்கு எம்டன் என்று ஒரு புதுச் சொல் மிச்சம். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எர்ணாவூர் கரையில் தார்போல ஒதுங்கிய எண்ணெயை மாணவர்களும் கடலோரக் காவல் படையினரும் மீனவர்களும் பிளாஸ்டிக் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்தில் பரவி, படகும் வலையும் கறுத்தன. மீனவர்கள் அப்போதும் கையால்தான் அள்ளினார்கள்.

அந்தச் சந்தின் ஓரத்திலும் ஒரு மழைநீர்க் கால்வாய் திறந்து கிடந்தது. இளையவர் பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு அதை நோக்கி இரண்டடி வைத்தார். மூத்தவர் இந்த முறை சத்தம் போடவில்லை, ஒரு பழைய கேனைக் காலால் தள்ளிவிட்டார். கேனில் ஏற்கெனவே முக்கால்வாசி இருந்தது. சென்ட்ரிங் பலகையில் பூச வாங்கிப்போவோர் உண்டு. அனுமதி பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும் என்பது சட்டம்.

ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அன்பர்கள் எக்கலையைச் சார்ந்தவராயினும் ஒரு கேன் வைத்திருங்கள். எண்ணூரில் இன்னும் வாளியால்தான் அள்ளுகிறார்கள்.